அரைக் கட்டை இறங்கிய பாட்டு

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கையில் வேலை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுத்தால் போதும். ஒரு காலைப் பற்றிய கதை சொல்லப்போகிறேன். பாட்டுக் கதைதான். ஆனால் அதில் வாய் செய்த வேலையைவிடக் கால் செய்த வேலைதான் அதிகம். கேட்டு முடித்ததும் சிரிப்பதா, நெஞ்சைப் பிடித்துக்கொள்வதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு வீட்டில் ஓர் அண்ணியும் நாத்தனாரும் இருந்தார்கள். நாத்தனார் பாடகி. அண்ணி கீபோர்டு வாசிப்பவள். இரண்டு பேரும் ஒரே இசைக்குழு. நாத்தனார் வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, குழுவில் நரைத்த தலைகள்கூட அவளை அண்ணி என்றே கூப்பிட்டன. நாமும் அப்படியே கூப்பிடுவோம், யார் கேட்கப்போகிறார்கள்!

நாத்தனாருக்குப் பட்டாசு என்று பட்டப்பேர். சும்மா வரவில்லை அந்தப் பேர். குளியலறையில் தண்ணீர் நின்றுபோய் அவள் ஒரு குரல் கொடுத்தால், மேல்மாடியில் இருக்கிற அடுத்த குடும்பம் ஓடிப்போய் மோட்டார் போடும். அப்பேர்ப்பட்ட தொண்டையில் ஒரு கொப்புளம் வந்தது. மருத்துவர் அதை எடுத்துவிட்டு, வாயைத் திறக்கவே கூடாது என்று பூட்டுப் போட்டு அனுப்பினார். வெகுநாள் கழித்துப் பேசலாம், பாடலாம் என்று சொன்னபோது குரல் திரும்பி வந்ததென்னவோ உண்மை. ஆனால் விட்டுப்போன இடத்துக்கு வரவில்லை. ஒரு படி கீழேயே நின்றுகொண்டது.

பாடுகிறவர்கள் சுருதியைக் கட்டை என்று அளப்பார்கள். கட்டை ஏறினால் பாட்டு மொத்தமும் மேலே போகும், குறைந்தால் கீழே வரும். பட்டாசுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஜோடிப் பாட்டு ஒன்று உண்டு. ஐந்து கட்டை. அதன் சரணத்தில் ஒரு வரி நேராக உச்சிக்குப் போய், அங்கேயே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் இறங்கும். அந்த உச்சியில்தான் இப்போது குரல் உடைந்தது. பல்லவியில் தேன், சரணத்தில் கண்ணாடித் துண்டு.

குழுவை நடத்துகிறவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். அவர் கறாராகச் சொல்லியிருந்தார். “ஜோடிப் பாட்டு ட்ராக்கெல்லாம் அந்தச் சுருதியிலதான் இருக்கு. உனக்காகக் குறைச்சா ஆம்பளைக் குரல் பாதாளத்துக்குப் போயிடும்மா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து அந்தப் பாட்டைப் பாடு. குரல் உச்சியில நின்னா உன் இடம் உனக்கு. நிக்கலைன்னா, வேற ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா, நான் என்ன பண்ண?”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நம் கதை ஆரம்பிக்கிறது.

கீபோர்டு என்றால் ஏதோ விசைகள் வைத்த பலகை என்று நினைத்துவிடாதீர்கள். டிரம்ஸ், பேஸ், பின்னணி வயலின் என்று ஆளுக்கொரு ட்ராக்காக உள்ளே பதிந்து வைத்துக்கொள்ளும். மேடையில் அந்த ட்ராக்குகள் ஓடும், மேலே அண்ணி கையால் வாசிப்பாள். பாதத்துக்கு ஒரு பெடல் உண்டு. அதை மிதித்தால் கையை எடுத்த பிறகும் சுரம் நீண்டு ஒலிக்கும். இத்தனை பேர் செய்கிற வேலையை அந்த ஒரு பெட்டி செய்தது. சம்பளம் கேட்காது, சாயங்காலம் டீ கேட்காது.

பட்டாசு கூடத்தில் நின்று பாடினாள். பல்லவி வழுக்கிக்கொண்டு போனது. சரணத்தில் உச்சி வந்தது. குரல் கிழிந்தது.

அடுத்த அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அண்ணன்காரன் தலையை நீட்டினான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் அவன், ஹாரனைவிட மெதுவான சத்தம் எதுவும் அவன் காதில் ஏறாது. “நல்லாத்தானே இருந்துச்சு?” என்றான்.

“உன் காதுக்கு ரிவர்ஸ் சத்தமே நல்லாத்தான் இருக்கும், போண்ணா.”

“நமத்துப்போன பட்டாசுன்னாலும் வாய் மட்டும் வெடிக்குது பாரு.”

விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் முகம் சுண்டிப்போனது. அண்ணி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் இஸ்திரிப் பெட்டியோடு பின்வாங்கினான்.

“அரைக் கட்டை குறைச்சுப் பாடிப் பாரேன்டி,” என்றாள் அண்ணி மெதுவாக. “மாஸ்டர்கிட்ட நான் பேசறேன்.”

“வேண்டாம்.”

“சும்மா பாரு, வீட்டுலதானே.”

“வேண்டாம்னு சொல்றேன்ல அண்ணி! இன்னிக்கு நானாப் பாடுவேன். உடைஞ்சா அவ்வளவுதான். மைக்கைத் தொட மாட்டேன். எங்கயாவது கடையில பில் போட்டுப் பொழைச்சுக்கறேன்.” சொல்லிவிட்டு ஆவி பிடிக்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சொன்னால் செய்கிறவள் அவள். அண்ணிக்கு அது தெரியும். பேசக் கூடாத நாட்களில் அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்துப் பாடியதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். மைக் போய்விட்டால் இவளிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது அண்ணிக்கு.

அதனால்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அவள் போட்ட கணக்கு இதுதான். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே சும்மா டிரம்ஸ் மட்டும் முழங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் சுருதியை ஒரு கட்டை இறக்கிவிட்டால்? டிரம்ஸ் சத்தத்தில் முன்பு கேட்ட சுருதி காதை விட்டுப் போயிருக்கும். சரணம் கீழிருந்து ஆரம்பிக்கும், பட்டாசு அதைப் பிடித்துக்கொண்டு போவாள், உச்சி கைக்கு எட்டும். மாஸ்டருக்கும் தெரியாது. பட்டாசுக்கும் தெரியாது.

பட்டாசுக்கும் தெரியாது என்பதுதான் அவள் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. முதலில் காரியம் ஆகட்டும் என்று அதை முழுங்கினாள்.

ட்ராக்கைத் திருத்துகிற பக்கத்தைத் திறந்து, சரணத்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் ஒரு கட்டை இறக்கி ஓடவிட்டாள். அடக் கடவுளே! டிரம்ஸ் போய் அங்கே யாரோ தும்மினார்கள், யாரோ கை தட்டினார்கள், ஒரு மாட்டு மணி வேறு. கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் விழித்த பிறகுதான் உறைத்தது. டிரம்ஸ் ட்ராக்கில் கீபோர்டின் ஒவ்வொரு விசைக்கும் ஒரு வாத்தியம். சுருதியில் ஒரு கட்டை என்றால் பெட்டியில் இரண்டு விசை, அவ்வளவு தள்ளி வைத்தால் மத்தளம் இருந்த இடத்தில் மணிதானே இருக்கும்! எல்லா ட்ராக்கையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்ததில் அதுவும் சேர்ந்து இறங்கியிருந்தது. நல்லவேளை, சேமிக்கவில்லை. வெளியே வந்து, டிரம்ஸை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக இறக்கினாள். இப்போது ட்ராக் சரி. ஆனால் அவள் கை வைத்ததும் வீட்டுக்குள் சண்டை நடப்பது போல இருந்தது. ட்ராக் நாலு கட்டையில், அவள் விரல் ஐந்து கட்டையில். வருஷக்கணக்காய்ப் பழகிய விரல், ஒரு காலையில் புதுச் சுருதிக்குப் பழகுமா?

“கிளம்பணும்,” என்று வேன் சாவியைக் கிலுக்கினான் புருஷன்.

“இருங்க!”

“ரெண்டு பொம்பளைங்களும் சேர்ந்து இப்ப என்னைத்தான் இருன்னு சொல்லுங்க. மாஸ்டர் இருப்பாரா?”

எரிச்சலில் அண்ணியின் கட்டைவிரல் சுருதி மாற்றும் பொத்தானின் மேல் அப்படியே அழுந்திக் கிடந்தது. தட்டுவதற்கான பொத்தான் அது, யாரும் அழுத்திப் பிடிப்பதில்லை. பிடித்தபோது திரை மாறியது. இத்தனை வருஷம் இந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தியவள் ஒருநாளும் பார்க்காத பக்கம். கூட வந்த கையேடு ஏதோ பாஷையில் இருந்ததால் அலமாரிக் காலுக்கு முட்டுக்கொடுக்கப் போய்விட்டது, யார் படித்தார்கள்? அந்தப் பக்கத்தில் கேள்வி மாதிரி இருந்தது: எதை இறக்கட்டும்? ட்ராக்கையா, கையையா, இரண்டையுமா? அதற்கும் கீழே இன்னொன்று: எதனால் இறக்கட்டும்? பொத்தானாலா, பெடலாலா?

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இறக்கிய ட்ராக்கைப் பழையபடி ஏற்றிவிட்டு, இரண்டையும், பெடலால் என்று வைத்தாள். ஐந்து கட்டையிலேயே விரல் வாசித்தது. பெடலை ஒருமுறை மிதித்தாள். அடுத்த சுரத்திலிருந்து எல்லாம் பூப்போல அரைக் கட்டை இறங்கியது. டிரம்ஸ் மட்டும் தன் இடத்தில் அசையாமல் நின்றது. இன்னொரு மிதி, ஒரு கட்டை. சுருதி ஏற்றுகிற, இறக்குகிற இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் பழைய இடம். இந்தப் பெட்டி இதை ஏன் இத்தனை நாள் தன்னிடமிருந்து ஒளித்து வைத்தது என்று அதன் மேல் கோபமே வந்தது.

ஒரே ஒரு சங்கடம். பெட்டிக்கு இருப்பது ஒரே பெடல். சுரத்தை நீட்டுகிற வேலையை விட்டுவிட்டுத்தான் அது இந்த வேலைக்கு வரும்.

“பரவாயில்ல,” என்று முனகிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் கண்ணுகளா, அவள் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒத்திகை அறை ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. குறுகலான படி. சுவரெல்லாம் எதிரொலிக்காமல் இருக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள், ரப்பர் வாசனை அதில் நிரந்தரமாகக் குடியிருந்தது. மிக்சருக்குப் பின்னால், ஒலியைக் கூட்டிக் குறைக்கிற சவுண்டு அண்ணன். மாஸ்டர் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாடுகிறவர் முகத்தைப் பார்த்தால் காது ஏமாந்துவிடும் என்பது அவர் கட்சி. புதிதாக வருகிறவர்கள் தண்டனை கொடுத்திருக்கிறார்கள் போல என்று நினைப்பார்கள்.

“வந்தாச்சா? தண்ணி குடிச்சியா? பயப்படாதே. பயந்தாலும் பாடு,” என்றார் முட்டை அட்டையிடம்.

அண்ணி செருப்பைக் கழற்றினாள். வலது காலை முக்காலிக்குப் பின்னால் கொண்டுபோய்க் அதன் காலில் சுற்றி வைத்துக்கொண்டாள். டிரம்ஸ் இடம் வரும்வரை வெளியே வராதே, தாயே என்று அந்தக் காலிடம் சொல்லிக்கொண்டாள். பட்டாசு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வெளுத்திருந்தாள்.

ட்ராக் ஓடியது. முதல் வரி வந்தது. என்ன சொல்ல! சவுண்டு அண்ணன்கூட மிக்சரிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார். குரல் முன்பைவிட அடர்த்தியாக, கொஞ்சம் மண் கலந்த தண்ணீர் மாதிரி வந்தது. அண்ணி அதில் மயங்கித்தான் போனாள். வரி முடிகிற இடத்தில் அவள் கை ஒரு மெதுவான சங்கதி வாசிக்கும். அந்தச் சங்கதிக்குப் பெடல் மிதித்து மிதித்துப் பழகிய கால், முக்காலியின் பின்னாலிருந்து யாரையும் கேட்காமல் எழுந்து வந்தது. மிதித்தது.

பாட்டு அரைக் கட்டை இறங்கியது.

அண்ணிக்கு உயிரே போய்விட்டது. மாஸ்டரின் முதுகு நிமிர்ந்தது. பட்டாசு அடுத்த வரிக்கு வாயைத் திறந்துவிட்டாள், இழுத்த மூச்சை இனி அடக்க முடியாது. ஆனால் அவள் தடுமாறவில்லை. இறங்கிய இடத்திலிருந்தே, இந்தப் பாட்டு பிறந்ததே இப்படித்தான் என்பது போல எடுத்தாள். கண்ணை மட்டும் திறந்தாள்.

பதறிப்போன கால் என்ன செய்யும்? பழகியதைத்தான் செய்யும். வரி முடிந்ததும் இன்னொருமுறை மிதித்தது. இன்னொரு அரை. மறுபடியும் பட்டாசு கூடவே இறங்கினாள். இப்போது அவள் பார்வை அண்ணியின் முகத்திலிருந்து வழிந்து, கை வழியாக, முழங்கால் வழியாக, பெடல்வரை போயிற்று. அங்கே நின்றது.

புரிந்துவிட்டது அவளுக்கு.

பல்லவி முடிந்து டிரம்ஸ் முழங்கத் தொடங்கியது. அண்ணி கணக்குப் போட்டு வைத்திருந்த இடம். ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். சுருதி ஏற்கெனவே ஒரு கட்டை கீழே. சரணம் பத்திரமாகக் கரையேறும். மாஸ்டர் திரும்பவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை.

பட்டாசு மைக்கை வாயிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சொன்னாள். “ஏத்துங்க.”

அண்ணி தலையை ஆட்டி மறுத்தாள்.

“ஏத்துங்க அண்ணி.”

“வேண்டாம்டி... இப்படியே போயிடு.”

“ஏத்தலைன்னா மைக்கைக் கீழ வெச்சுட்டு இறங்கிப் போயிடுவேன். என் பாட்டு இது.”

டிரம்ஸ் முடியப் போகிறது. அண்ணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. வாழ்க்கையில் எந்தப் பொத்தானையும் இவ்வளவு கனமாக அவள் அழுத்தியதில்லை. இரண்டையும் சேர்த்து அழுத்தினாள். பாட்டு தன் பழைய வீட்டுக்கு ஏறியது. காலை எடுத்து இடது காலுக்கு அடியில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சரணம். பட்டாசு ஏறினாள். உச்சி வந்தது. ஒரு நொடி குரல் அங்கே நின்றது, நிஜமாகவே நின்றது. பிறகு உடைந்தது. காலையில் உடைந்த அதே இடத்தில், அதே கிழிசல்.

காலையில் அவள் அங்கே நிறுத்தியிருந்தாள். இப்போது நிறுத்தவில்லை. கிழிந்ததைக் கிழிந்தபடி விட்டுவிட்டு அடுத்த வரிக்கு நடந்து, கடைசி எழுத்துவரை பாடி முடித்தாள். கீழே டயர் கடையில் யாரோ இரும்பைப் போட்டுத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மாஸ்டர் நாற்காலியோடு திரும்பினார். “பெட்டிக்கு என்ன கோளாறு?”

“சூடாயிருக்கும் மாஸ்டர்,” என்றார் சவுண்டு அண்ணன், கண்ணை அண்ணியின் கால் பக்கம் திருப்பாமலே. நல்ல மனுஷன். “ஃபேன் இல்லாத ரூம், எலக்ட்ரானிக் சாமான், பைத்தியம் பிடிச்சிருக்கும்.”

தப்பிக்கக் கதவு திறந்து கிடந்தது. அண்ணி தலையை ஆட்டினால் போதும், பழி பெட்டி மேல் போய்விடும். பட்டாசு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெட்டி மேல தப்பில்ல மாஸ்டர்,” என்றாள் அண்ணி. “என் கால் மேல.” காலையில் நடந்ததை எல்லாம் சொன்னாள். பொத்தானை அழுத்திப் பிடித்தது, புதுப் பக்கம் வந்தது, பெடல், டிரம்ஸ் இடம், ஒன்று விடாமல். “அவளுக்குத் தெரியாது. சத்தியமா அவளுக்குத் தெரியாது.”

மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “ஏம்மா, எத்தனை வருஷமா என்கூட வாசிக்கறே? என்கிட்ட வந்து கேக்கத் தோணலை. பெட்டிகிட்ட போய்க் கேட்டிருக்கே.”

அந்த வார்த்தை கன்னத்தில் அறை மாதிரி விழுந்தது. அண்ணி குனிந்துகொண்டாள்.

“நீ,” என்று பட்டாசு பக்கம் திரும்பினார். “உச்சியில உடைஞ்சுது.”

“ஆமா மாஸ்டர்.”

“இந்தப் பாட்டு இனிமே உன்னுது இல்ல.”

“தெரியும் மாஸ்டர்.” அவள் மைக்கைத் தாங்கியில் சொருகினாள். இரண்டாம் முறைதான் பொருந்தியது.

“இரு, எங்க போறே? நடுவுல காலுக்குக் கீழ தரை ரெண்டு தடவை இறங்கிச்சு. என்கிட்ட பாடறவங்க அத்தனை பேரும் அங்கே விழுந்திருப்பாங்க. நீ எப்படிப் பிடிச்சே?”

“பிடிக்கலை மாஸ்டர். கூடவே விழுந்தேன்.”

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. “ஜோடிப் பாட்டு உனக்குக் கிடையாது. அதுல நான் சொன்னது சொன்னதுதான். அந்தப் பொண்ணு பாடட்டும். தனிப்பாட்டு மட்டும் நீ பாடு, உன் குரல் எங்க நிக்குதோ அங்க. ரெண்டாவது வரி கேட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு கீழ.” பிறகு அண்ணியிடம், “ட்ராக் எல்லாத்தையும் நீதான் இறக்கித் தரணும். டிரம்ஸைத் தொட்டே, தொலைச்சுடுவேன்.”

பட்டாசு முன்னால் விடுவிடுவென்று படியிறங்கினாள். வேன் பக்கத்தில் வந்ததும் வெடித்தாள்.

“என்னை நம்பலை நீங்க.”

“நம்பலைடி,” என்றாள் அண்ணி. பொய் சொல்ல அவளிடம் தெம்பில்லை.

“என் தொண்டையைப் பத்தி என்கிட்ட பேசாம ஒரு பெடல்கிட்ட பேசியிருக்கீங்க!”

“காலையில கேட்டேனே. ஒத்துக்கிட்டியா?”

“இல்ல.”

“பின்ன?”

“பின்ன என்ன பின்ன? இன்னொரு தடவை கேட்டிருக்கணும். சண்டை போட்டிருப்போம். சண்டை போட்டுக்கிட்டே வந்திருப்போம்.” சொல்லச் சொல்ல அழுதாள். உச்சிக்குப் போன பாட்டு கைவிட்டுப் போனதுக்கும் சேர்த்து அழுதாள். அண்ணி அவள் தோளைத் தொட்டாள். பட்டாசு தட்டிவிட்டாள். மறுபடி தொட்டாள். இந்த முறை தட்டிவிடவில்லை.

“என்னாச்சு?” என்று ஓட்டுகிற சீட்டிலிருந்து அண்ணன்காரன் எட்டிப் பார்த்தான். “இடம் இருக்கா, இல்லையா? யாராவது தமிழ்ல சொல்லுங்களேன்.”

“இடம் இருக்கு. பாட்டு போச்சு,” என்றாள் பட்டாசு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவனுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் அன்று அவன் ஹாரனே அடிக்காமல் வேனை ஓட்டினான்.

மறுநாள் காலை அண்ணி பெட்டியைத் திறந்து முதல் ட்ராக்கை எடுத்தாள். பட்டாசு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்து, முக்காலியில் பாதியை இடித்துப் பிடித்துக்கொண்டாள். ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டு, மெதுவாக ஒரு வரி பாடிப் பார்த்தாள்.

“இன்னும் அரை இறக்குங்க.”

“இதுவே ரொம்பக் கீழடி.”

“என் தொண்டையா, உங்க தொண்டையா?”

அண்ணி அரை இறக்கினாள். பட்டாசு பாடினாள். கொஞ்சம் யோசித்தாள். “சரி, ஏத்துங்க. முன்ன இருந்ததே சரி,” என்றாள், அண்ணி பக்கம் திரும்பாமல்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் குரல் ஏறினாலும் இறங்கினாலும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இருக்கட்டும். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் நல்லது செய்ய வேண்டிய நிலை அந்தக் கூரைக்குக் கீழே வராமல் போகட்டும். கோபித்துக்கொண்டவர்கள் விடிவதற்குள் ஒரே முக்காலிக்கு அடித்துக்கொள்ளட்டும். குழந்தை குட்டியோடு, சிரிப்பும் சத்தமுமாக, நிறைந்து இருங்கள்.